முன்னோடியின் வீட்டுப் பெண்கள்

‘முன்னோடி’ என்ற சொல் வரும்போதெல்லாம் வகுப்பில் அதைப் பிரித்து எழுதச் சொல்வேன். முன் ஓடியவர். யாருக்கு முன்னால் என்று மாணவிகளே கேட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்கும் அதே கேள்விதான் வந்தது.

அந்த நகரத்தின் முதல் பெருந்தொழிலை நிறுவியவர் ஹென்றி யெஸ்லர். 1851இல் வெள்ளையர் சிலர் அங்கே குடியேறினார்கள். அடுத்த ஆண்டு யெஸ்லர் வந்தார். கரையோரம் மர அறுவை ஆலை வைக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. முன்பே நிலம் பிடித்திருந்த இருவர் தங்கள் எல்லைகளை நகர்த்தி வழிவிட்டார்கள். நீராவியில் இயங்கிய அந்த ஆலை 1853இல் ஓடத் தொடங்கியது. மேட்டில் வெட்டிய மரங்கள் இழுத்து வரப்பட்ட தெரு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு முறை அவர் மேயராகவும் இருந்தார்.

அந்த நிலம் யாருடையது? அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் டுவாமிஷ் மக்கள். நகரத்தின் பெயரே அவர்களுடைய தலைவர் ஒருவரின் பெயர்தான். யெஸ்லரின் ஆலையில் அவர்களும் கூலி வேலை செய்தார்கள்.

யெஸ்லரின் மனைவி சாரா ஒஹாயோவிலிருந்து 1858இல்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் யெஸ்லருக்கு இன்னொரு பெண்ணிடம் ஒரு மகள் பிறந்திருந்தார். அந்தப் பெண், கர்லி என்று வெள்ளையர் அழைத்த டுவாமிஷ் தலைவரின் மகள். வரலாற்றில் அவருக்கு இருப்பது சூசன் என்ற வெள்ளைக்காரப் பெயர். மகள் ஜூலியா பிறந்தது 1855 ஜூனில். அதே ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான பாயிண்ட் எலியட் ஒப்பந்தத்தின்படி பூர்வகுடிகளின் நிலம் அமெரிக்க அரசுக்குப் போனது.

சாராவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெண் வாக்குரிமைக்காக உழைத்தவர் அவர். 1884இல் சியாட்டில் பெண்கள் சேர்ந்து தொடங்கிய நிவாரண சங்கத்தில் முன்னால் நின்றார்; ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தது அந்தச் சங்கம். 1883இல் வாஷிங்டன் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1887இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சாரா இறந்ததும் அந்த ஆண்டில்தான். பறிபோன உரிமை நிலையாகத் திரும்பி வர 1910 ஆனது.

சூசனின் மக்களுக்கு நடந்தது வேறு. 1865இல் சியாட்டில் நகரசபை, பூர்வகுடியினர் நகரத்துக்குள் வசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வேலைக்கு வைத்திருக்கும் வெள்ளையர் இடம் கொடுத்தால் மட்டும் தங்கலாம். உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம். சாராவின் கணவருக்கு மகளைப் பெற்றுக் கொடுத்தவரின் இனத்துக்கே தன் ஊரில் குடியிருக்க உரிமையில்லை என்றானது. தலைவர் சியாட்டிலின் மகள் கிகிசோப்லு இதையெல்லாம் மீறி அங்கேயே இருந்தார். வெள்ளையர் வீட்டுத் துணி துவைத்துப் பிழைத்து, 1896இல் இறந்தார். ‘இளவரசி ஏஞ்சலின்’ என்று பட்டம் கொடுத்த நகரம் அவருடைய நிலத்தைக் கொடுக்கவில்லை. பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை 1924இல்தான் வந்தது.

பெண்ணிய வரலாறு எழுதும் நாமும் சாராவோடு நிறுத்திக்கொள்வது எளிது. வாக்குக் கேட்டவர், சங்கம் வைத்தவர், தடயம் விட்டுப்போனவர் அவர். ஆனால் அவர் நின்று பேசிய மண் எப்படி வந்தது என்பதும் பெண்களின் வரலாறுதான். 1883ஐ எழுதும் அதே பக்கத்தில் 1865ஐயும் எழுதுங்கள் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். சாராவின் பெயருக்குப் பக்கத்தில் சூசன், ஜூலியா, கிகிசோப்லு என்ற பெயர்களும் வரட்டும்.