உலக்கையும் மில்லும்

கொல்லிமலையில் சாமைச் சோறு குறைந்துபோனதற்குப் பெண்களின் தோள்வலியும் ஒரு காரணம். ரேஷன் அரிசி மலையேறியதையும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி சரிவெங்கும் பரவியதையும் பலர் எழுதியாகிவிட்டது. உலக்கையைத்தான் மறந்துவிடுகிறோம்.

சாமை மணி கடுகளவு. அதன்மேல் வழவழப்பான கெட்டி உமி. நெல்லைப்போல எளிதில் கழலாது. காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் கொட்டிக் குத்தவேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் சோற்றுக்கே மணிக்கணக்காகும். காட்டு வேலை முடித்து வந்தவள் மரவள்ளிக் காசில் அரிசி வாங்கினால் அவளை யார் குறை சொல்வது?

1988இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இந்த மலைக்கு வந்தது. அப்போது மாணவர்களாக உட்காரவேண்டியிருந்தவர்கள் விஞ்ஞானிகள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, செந்தினை, பாலாந்தினை, சட்டைக் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு... எது எந்த மண்ணுக்கு, எது முந்தி விளையும் என்பதெல்லாம் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு, அதிலும் விதை எடுத்துவைக்கும் பெண்களுக்கு அத்துபடி. அந்த அறிவை நம்பித்தான் ஊர் விதை வங்கிகள் எழுந்தன.

பிறகு சிறுதானிய மில்கள் வந்தன, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில். மோட்டாரைத் தொட்டே பழகாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இப்படிப்பட்ட பயிற்சிகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஈரப்பத விகிதம் என்று ஆரம்பித்தால் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னால் எல்லார் முகமும் நிமிரும். நசுங்கினால் இன்னும் காயவேண்டும். டக்கென்று உடைந்தால் மில்லில் போடலாம். காயாததில் உமி கழலாது, மீறிக் காய்ந்தால் குருணையாகும்.

கல் நீக்கும் இயந்திரத்தின் கதையும் அதுதான். கல்லும் மணியும் ஒரே பருமனாக இருந்தால் சல்லடையால் பயனில்லை. எடை வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கமுடியும். முறத்தில் கொழித்துப் பழகியவளுக்கு இது புதுச் செய்தியா? சாய்ந்த தட்டை ஆட்டி, கீழிருந்து காற்றடித்து இயந்திரம் செய்வதும் அதையேதான். உமியை ஊதித் தள்ளும் விசிறிக்கும் புடைப்பதே மூலபாடம். உண்மையிலேயே புதிதாகப் படிக்கவேண்டியவை ஃபியூஸ், பெல்ட்டின் இறுக்கம், அரவைக் கூலிக் கணக்கு. பயிற்சி நேரத்தின் பெரும்பங்கை இவற்றுக்குத்தான் ஒதுக்கவேண்டும்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் தினை லட்டும் சாமைப் பொங்கல் மிக்ஸும் வந்துவிட்டன, நல்லது. ஆனால் மலைமேல் ஒரு மில் நின்றுபோனால் மெக்கானிக் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிவரவேண்டும். அதுவரை மூட்டைகள் காத்திருக்கும், அல்லது உலக்கை திரும்பும். ஓட்டக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல் பழுது பார்க்கவும் அவர்களுக்கே கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. மில்லில் உமியை உரசும் எமரிக் கல் தேய்ந்துவிட்டதை விழுகிற அரிசியைப் பார்த்தே சொல்கிறவர்கள் கையில் ஸ்பேனரையும் கொடுங்கள்.