லிப்ஸ்டாட் விவகாரம்

ஜெர்மனியின் பிரஷ்ய அரசில், டார்வினின் பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பிப்பது பற்றி 1870களில் எழுந்த சர்ச்சை. லிப்ஸ்டாட் நகர ஆசிரியர் ஹெர்மன் முல்லர், பூக்களுக்கும் பூச்சிகளுக்குமான உறவை ஆராய்ந்தவர். டார்வினோடு கடிதத் தொடர்பில் இருந்தவர். உயிரின் தொடக்கத்தைக் கரிமத்தில் காணும், எழுத்தாளர் காருஸ் ஸ்டெர்னின் நூல் பகுதியை வகுப்பில் வாசிக்கவைத்தார். ஊர் கொதித்தது.

இதே காலத்தில், 1877 செப்டம்பரில் மியூனிக்கில் கூடிய அறிவியலாளர் மாநாட்டில், பரிணாமம் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்றார் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். நிரூபணமாகாததைப் பாடமாக்கலாகாது என்று நான்கே நாளில் மறுத்தவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவர் மதவாதி அல்லர், செல் நோயியலின் முன்னோடி என்பதுதான் வியப்பு. 1879இல் முல்லர் விவகாரம் பிரஷ்ய நாடாளுமன்றத்துக்கே போனது. அவர் வேலை தப்பியது, பாடம் தப்பவில்லை. 1882ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், மேல்வகுப்புகளிலிருந்து உயிரியலையே நீக்கிவிட்டது.