காவலாளி அறியாத ரகசியம்

சென்னையின் மேற்குப் புறத்திலே, பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டியும், தெற்கே பூந்தமல்லி வரையிலும் பரந்து கிடக்கும் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அங்கே உற்பத்தியான பொருள்களைக் கொண்டே அதை எழுதி முடித்துவிடுகிறார்கள். 1949-ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் பாடியிலே லூகாஸ் டி.வி.எஸ்., அதே ஆண்டில் ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-ல் அதிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி, 1964 வாக்கில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று அந்த வரலாறு ஓடும். எல்லாம் உண்மையே. ஆனால் அத்தனை ஆலைகளுக்கும் வாசல் என்று ஒன்று உண்டு. அந்த வாசலிலே உட்கார்ந்துகொண்டு, வருகிறவனைப் பார்த்து ‘நீ யார், அதற்கு என்ன அத்தாட்சி?’ என்று விசாரிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட உத்தியோகஸ்தர் ஒருவரும் உண்டு. அவருடைய வேலை எவ்வாறு படிப்படியாக மனிதர் கையிலிருந்து கம்ப்யூட்டர் நிரலின் கைக்குப் போயிற்று என்பதும், போகிற வழியில் அந்த நிரல் எத்தனை அசட்டுத்தனங்களைச் செய்தது என்பதும் இப்பிரதேசத்தின் சரித்திரத்திலே சேர்க்க வேண்டிய அத்தியாயந்தான்.

டைம் ஆபீஸ் என்று தொழிலாளர் அழைத்த அறை பெரும்பாலும் கேட்டை ஒட்டியே இருக்கும். சுவரிலே கறுப்புச் சாயம் பூசிய மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். ஆணியிலே அதே எண் பொறித்த பித்தளை டோக்கன், பல பேர் விரல் பட்டு விளிம்பு மழுங்கியதாய்த் தொங்கும். ஷிப்டுக்கு வருகிறவன் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். சங்கு ஊதிக் குறித்த நேரம் கடந்ததும் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். பிறகு டைம் கீப்பர் டோக்கன்களை எடுத்து மஸ்டர் ரோலில் குறிப்பார். இந்த ஏற்பாட்டிலே ரகசியம் என்று எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அயனாவரத்திலிருந்து வரும் சிநேகிதனுடைய ரயில் தாமதமானால், அவனுடைய டோக்கனையும் சேர்த்து ஒரே கையால் போட்டுவிடுவது எளிது. டைம் கீப்பருக்கு முகங்கள் தெரிந்திருந்தன என்பது ஒன்றே அதற்குத் தடையாக இருந்தது. ஆட்கள் நூறு பேராக இருந்தவரையில் அந்த ஞாபகசக்தி போதும். சில ஆயிரம் பேரானபோது போதவில்லை. கார்டைச் செருகினால் நேரத்தை அச்சடித்துத் தரும் கடிகாரங்கள் வந்த பிறகும், செருகிய கை யாருடையது என்பது கடிகாரத்துக்குத் தெரியாது.

சம்பளத்தைப் பாங்கியிலே போட்டு எடுக்கப் போனால் அங்கே வேறொரு சம்பிரதாயம். கணக்குத் தொடங்கும் நாளிலே மாதிரிக் கையெழுத்துக் கார்டில் கையொப்பமிட வேண்டும்; செக் வரும்போதெல்லாம் குமாஸ்தா அந்தக் கார்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலகத்திலோ, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி நிலம் விற்பவர் தம் கைநாட்டைப் பதிவேட்டிலே வைத்துவிட்டு வர வேண்டும். டோக்கனைவிட இவை உயர்ந்த ஏற்பாடுகள்தாம். ஆயினும், எந்தக் கையெழுத்தைக் கொண்டு பணம் எடுக்கலாமோ அந்தக் கையெழுத்தின் அசல் காப்பாளரின் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது என்பது இவற்றின் பலவீனம். காப்பாளர் யோக்கியராக இருக்க வேண்டும். இழுப்பறையைத் திறக்கக்கூடிய மற்ற எல்லோரும் யோக்கியராக இருக்க வேண்டும். தர்மத்தின் மேல் இத்தனை பாரத்தை ஏற்றி நடந்த காரியம் நம் நாட்டில் அதிகமாகக் கெட்டுப் போகவில்லை என்றால், அதற்குக் காரணம் இழுப்பறைகள் சிறியவையாக இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர்க்காரர்களும் முதலில் இழுப்பறை முறையைத்தான் கைக்கொண்டார்கள். அமெரிக்காவிலே எம்.ஐ.டி. கலாசாலையில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர், ஒரே யந்திரத்தைப் பலரும் பங்கிட்டு உபயோகிக்கும் அமைப்பை 1961-ல் செய்து காட்டினார். ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்து, அவ்வளவையும் உள்ளது உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதி வைத்தார்கள். ஒரு நாள் நிர்வாகத்தினர் திருத்திக்கொண்டிருந்த இரண்டு தற்காலிகக் கோப்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட, அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்திலே எல்லோருடைய கடவுச்சொற்களும், உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் டெர்மினலிலும் அச்சாகி வந்தன! இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோஜர் நீடம் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்: சொல்லை வைத்துக்கொள்ளாதே, அதை ஒரு கணிதக் கிரியைக்கு உட்படுத்தி வரும் விளைவை மட்டும் வைத்துக்கொள். அரைத்த மாவு மறுபடி அரிசியாவதில்லை அல்லவா? அதுபோல விளைவிலிருந்து சொல்லை மீட்க முடியாது. ஆனால் அதே சொல்லை மறுபடி கொண்டுவருகிறவனை, மறுபடி அரைத்துப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வாயிற்காவலுக்கு ரகசியத்தை அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதைச் சோதிக்கத் தெரிந்தால் போதும் என்ற இந்தத் தத்துவம், டைம் கீப்பர் முதல் பாங்கிக் குமாஸ்தா வரை யாருக்கும் வாய்க்காத ஒன்று.

1979-ல் பெல் ஆய்வுக்கூடத்து ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் எழுதிய கட்டுரையிலே மனித சுபாவமும் அம்பலமாயிற்று. அவர்கள் ஆராய்ந்த 3289 கடவுச்சொற்களில் 2831, அதாவது நூற்றுக்கு 86, எளிதில் ஊகிக்கத்தக்கவை. ஒருவருடைய சொல்லும் மற்றொருவருடைய சொல்லும் ஒன்றாகவே இருந்தாலும் விளைவு வெவ்வேறாக வரும்படி, ஒவ்வொன்றுடனும் கொஞ்சம் ‘உப்பு’, அதாவது தற்செயலாகத் தேர்ந்த ஓர் எண்ணைக் கலந்து, மெதுவாக அரைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். இருபது வருஷங்களுக்குப் பிறகு நம்முடைய பிரதேசத்துப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்றபோது, உப்பைப் பற்றி அவர்களுக்குச் சொன்னவர் அநேகமாக யாருமில்லை.

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டிலேதான் ஸ்வீடன் பக்கத்திலிருந்து மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும், ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் தம் சொந்த உபயோகத்துக்கு எழுதிய பிஎச்பி என்ற சிறு கருவித் தொகுப்பும் உலகத்துக்கு வந்தன. இரண்டுக்கும் விலை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டிலே லேத்தும் பிரஸ்ஸும் வைத்து ஜாப் ஒர்க் செய்த சிறு முதலாளிகள், ஸ்டாக்கையும் டெலிவரி சலானையும் கம்ப்யூட்டரில் ஏற்ற விரும்பிய காலமும், ஆவடி பூந்தமல்லி வட்டாரத்திலே பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலமும் அதுவே. என்.ஐ.ஐ.டி., எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி நிலையங்களிலே படித்துவிட்டு, பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, அசலூர்க்காரன் எழுதிய மாதிரி நிரலைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, அதிலே பெயரை மட்டும் மாற்றிப் புராஜெக்ட் முடித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடைத்த பாடம் அப்படி.

அந்தப் பாடத்தின் முதல் வரியே, நிரல் டேட்டாபேஸுடன் தொடர்பு கொள்ளும் வரி. அதற்கு நான்கு விவரம் வேண்டும்: எந்த சர்வர், எந்தப் பயனர், என்ன கடவுச்சொல், எந்த டேட்டாபேஸ். புஸ்தகத்திலே சர்வர் என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றும், பயனர் என்ற இடத்தில் சகல அதிகாரமும் படைத்த ‘ரூட்’ என்றும், கடவுச்சொல் என்ற இடத்திலே வெறும் இரண்டு மேற்கோள் குறிகளும் இருக்கும். நடுவிலே ஒன்றும் இராது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகுவதற்கு அது போதும். அதையே அப்படியே எடுத்துப் போய்க் கம்பெனி சர்வரில் வைத்தவர்கள் ஏராளம். கடவுச்சொல் வைத்தவர்களும் அதைத் தனிக் கோப்பிலே எழுதி, ‘இன்க்’ என்று முடியும் பெயரிட்டார்கள். பிஎச்பி என்று முடியாத கோப்பை சர்வர் நிரலாக இயக்காமல், கேட்டவருக்கு வெறும் எழுத்தாகவே அனுப்பிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு பேதத்தைச் சொல்லிவிட வேண்டும். பயனர்களுடைய கடவுச்சொல்லை அரைத்து வைக்கலாம். நிரல் தானே டேட்டாபேஸிடம் காட்டவேண்டிய கடவுச்சொல்லை அரைக்க முடியாது, அசலாகவே வைத்திருக்க வேண்டும். ஆகவே அதை இணையத்துக்குத் திறந்த அடைவுக்கு வெளியே ஒளித்து வைப்பதும், அந்தப் பயனருக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டும் கொடுப்பதுமே வழி. ஸ்டாக் பார்க்க வருகிற நிரலுக்கு அட்டவணையையே அழிக்கும் உரிமை எதற்கு?

அடுத்த விபத்து மேற்கோள் குறியால் வந்தது. பயனர் தட்டிய பெயரை வாங்கி, டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை வாக்கியத்தின் நடுவே அப்படியே ஒட்டி அனுப்புவது அக்காலத்து வழக்கம். முருகேசன், தனலட்சுமி, அப்துல் காதர் என்று நம் பெயர்களிலே ஒற்றை மேற்கோள் குறி வருவதில்லையாதலால், மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியர் ஒருவர், டி’சூசா என்றோ டி’குரூஸ் என்றோ தம் பெயரைத் தட்டிய அன்றைக்கு வாக்கியம் நடுவிலே முறிந்து, திரையில் பிழைச் செய்தி வந்து நிற்கும். பெயரைக் குறியில்லாமல் எழுதச் சொல்லிச் சமாதானம் செய்தவர்கள், அந்த ஓட்டை வழியே வேண்டுமென்றே ஒரு குறியை நுழைத்து, ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்று சேர்த்து, கடவுச்சொல் இல்லாமலே ஒருவன் உள்ளே வரலாம் என்பதை யோசிக்கவில்லை. 1998-லேயே ஜெப் பாரிஸ்டல் என்பவர் இதை எழுதி வெளியிட்டிருந்தார். பிஎச்பிக்காரர்கள் செய்த முதல் வைத்தியம், வந்த குறிக்கெல்லாம் முன்னால் தானாகவே ஒரு சாய்கோட்டைச் செருகுவது. அதன் பலனாக டி’சூசாவின் ரசீதிலே பெயருக்கு நடுவே சாய்கோடும் அச்சாகி வந்தது. கட்டளையைத் தனியாகவும், பெயரைத் தனியாகவும் அனுப்பும் பி.டி.ஓ. முறை 2005-ல் பிஎச்பியுடனே சேர்ந்து வந்தது. மைஎஸ்க்யூஎல்லுடன் பேசப் பிஎச்பியில் இருந்த பழைய கட்டளைகளை மொழியிலிருந்தே நீக்க 2015 டிசம்பர் ஆயிற்று.

கடவுச்சொல்லை அரைக்கும் விஷயத்திலும் இதே நிதானம். பலர் அரைக்கவே இல்லை. சிலர், மைஎஸ்க்யூஎல் தன் சொந்தப் பயனர்களுக்காக வைத்திருந்த ‘பாஸ்வேர்டு’ என்ற கிரியையையே எடுத்து உபயோகித்தார்கள்; செய்யாதே என்று கையேட்டிலே எச்சரித்திருந்தும் கேட்கவில்லை. அந்தக் கிரியை தரும் விளைவு 16 எழுத்து நீளமாயிருந்தது. 4.1-ஆம் பதிப்பு வந்தபோது அது 41 எழுத்தாக நீண்டுவிட, 16 எழுத்துக்கென்று அளந்து கட்டிய பத்தியிலே புது விளைவு கொள்ளாமல், யாரும் உள்ளே நுழைய முடியாமற்போயிற்று. மற்றவர்கள் ரான் ரிவெஸ்ட் செய்த எம்.டி.5-ஐப் பிடித்துக்கொண்டார்கள். அது அதிவேகமாக அரைக்கும். அந்த வேகமே அதன் தோஷம். 2003-ல் பிலிப் ஓக்ஸ்லின் என்பவர், விளைவுகளை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுருக்கி வைக்கும் அட்டவணைகளைச் செய்து காட்டியபின், உப்பில்லாத எம்.டி.5 ஏறத்தாழ அசலை எழுதி வைத்ததற்குச் சமமாயிற்று. 1999-லேயே நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாஸியேரும் பீகிரிப்ட் என்ற முறையைச் செய்து, யந்திரங்கள் வேகமடைய அடைய அரைப்பையும் கடினமாக்கிக்கொண்டே போக ஒரு திருகை அதிலே வைத்திருந்தார்கள்; திருகை ஒரு படி கூட்டினால் வேலை இரட்டிக்கும். பிஎச்பி இதை ஒரே வரியாக்கிக் கொடுத்தது 2013-ல். அப்போது திருகின் அளவு 10, 2024-ல் வந்த 8.4 பதிப்பிலே 12.

தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விசேஷம் ஒன்று இதில் உண்டு. பீகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கவனிக்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். யூனிகோடு யூடிஎப்-8 முறையிலே ‘க’ என்பதற்கு 3 பைட்டு, ‘கி’ என்பதற்கு ‘க’வும் குறியுமாக 6 பைட்டு. குறளடி போல நீளமாகத் தமிழிலே கடவுச்சொல் வைத்துக்கொள்கிறவர், பன்னிரண்டு உயிர்மெய்களுக்குள்ளேயே எல்லையை எட்டிவிடக்கூடும். அதற்கப்பால் எதைத் தட்டினாலும் கதவு திறக்கும்.

இதற்குள் அம்பத்தூரும் மாறிவிட்டது. ஜப்பானிய என்.டி.டி. நிறுவனம் 2023-லும், புரூக்பீல்டு, ஜியோ, டிஜிட்டல் ரியல்டி மூன்றும் கூட்டாக நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன் 2024-லும் இங்கே டேட்டா சென்டர்களைத் திறந்தன. லேத் ஓடிய பூமியிலே இப்போது ஊர் பேர் தெரியாத கோடிக்கணக்கானவர்களின் கணக்குகள் குளிரூட்டிய அலமாரிகளில் அமர்ந்திருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள், நுண்ணிய அந்தரங்கத் தகவல் எவை எவை என்று அடுக்கும்போது கடவுச்சொல்லையே முதலாவதாக வைத்தன. வைத்திய விவரமும் பாங்கி விவரமும் அதற்குப் பின்புதான்.

பழைய கணக்குகளே இப்போதும் தீராத உபத்திரவம். எம்.டி.5-ல் கிடக்கும் கடவுச்சொல்லைப் பீகிரிப்டுக்கு மாற்ற வேண்டுமானால் அசல் வேண்டும்; அசலோ யாரிடமும் இல்லை, அதுதான் ஏற்பாடே. பயனர் அடுத்த முறை உள்ளே நுழையும் தருணத்திலே, அவர் தட்டும் சொல் நிரலின் கையில் இருக்கும் அந்த ஒரு கணத்தில்தான் புதிதாக அரைத்து வைக்க முடியும். ஓய்வுபெற்றுப் போன சூப்பர்வைசரும், யூனிட்டை மூடிவிட்ட சப்ளையரும் இனி நுழையவே மாட்டார்கள். அவர்களுக்காக, இருக்கிற எம்.டி.5 விளைவையே எடுத்துப் பீகிரிப்டில் இன்னொரு முறை அரைத்து, ‘இது இரட்டை’ என்று பக்கத்துப் பத்தியிலே குறித்து வைப்பது அனுபவஸ்தர்கள் கையாளும் முறை. அதை ஓர் இரவிலே முடித்துவிடலாம். பழைய பத்தி அடங்கிய பேக்கப் டிஸ்குகளையும் தேடிப் பிடித்து அழித்தால்தான் வேலை பூர்த்தியாகும். அவை பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் அறை அலமாரியில், லேபிள் ஒட்டாமல் இருக்கும்.