ஊட்டியின் 20 நிமிடமும் கோவையின் 20 நிமிடமும்

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியும் சுமார் 2,240 மீட்டர்தான்.

இந்த ஒற்றுமைக்கும் நீலகிரிக் கல்லூரிப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தய ரிசல்ட்டுக்கும், அவர்களுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. இழை கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

1968 ஒலிம்பிக் மெக்சிகோ சிட்டியில் நடந்தது. அந்த உயரத்தில் நெடுந்தூரம் ஓடினால் உடம்பு என்ன ஆகும் என்று மருத்துவர்களுக்கு முன்கூட்டியே பயம் இருந்தது. பயம் வீண் போகவில்லை.

10,000 மீட்டர் ஓட்டத்தைப் பாருங்க. அப்போதைய உலக சாதனையாளர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். 1965ல் அவர் ஓடிய நேரம் 27 நிமிடம் 39.4 வினாடி. மெக்சிகோவில் தங்கம் வாங்கிய கென்யாவின் நஃப்தாலி தெமு ஓடியது 29 நிமிடம் 27.4 வினாடி. அதாவது உலக சாதனையைவிட 1 நிமிடம் 48 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டவருக்குத் தங்கம்! கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். ஆக்ஸிஜன் வைத்துத்தான் அவரை மீட்டார்கள். பக்கத்தில் இருந்த அணி மருத்துவர் கண்ணீர் விட்டார். 

அதே மைதானத்தில் குறுந்தூர ஓட்டங்களில் என்ன நடந்தது? 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 வினாடி. 200ல் டாமி ஸ்மித் 19.83. 400ல் லீ எவன்ஸ் 43.86. மூன்றுமே உலக சாதனை. ஒரே காற்று ஒருத்தரைத் தூக்கிவிட்டது, இன்னொருத்தரைக் கீழே தள்ளியது.

காரணம் எளிது. காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம் என்பது சென்னையிலும் ஊட்டியிலும் மாறாது. மாறுவது காற்றழுத்தம். கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், 2,240 மீட்டரில் ஏறக்குறைய 580. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். 10, 20, 30 நிமிடம் ஓடுகிறவர் முழுக்க ஆக்ஸிஜனை நம்பி ஓடுகிறவர். அவருக்கு அது பெரிய அடி. 10 வினாடியில் ஓட்டத்தை முடிக்கிறவரின் தசைக்கு அந்த நேரத்துக்கு வேண்டிய சக்தி ஏற்கனவே சேமிப்பில் இருக்கு. அவரைத் தடுப்பதில் எதிர்க்காற்றின் உராய்வுக்கும் பங்கு உண்டு. மேலே காற்று லேசு, அதனால் அவருக்கு லாபம்.

(நீளம் தாண்டலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதையும் உயரத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். அது அநியாயம். அதே காற்றில் தாண்டிய மற்றவர்களில் வெள்ளி வாங்கியவர் தாண்டியது 8.19தான். பழைய உலக சாதனையான 8.35ஐக்கூட பீமனைத் தவிர யாரும் தொடவில்லை. அந்தத் தாவல் பீமனுடையது.)

இவர்களில் பலர் கல்லூரி வீரர்கள் என்பதைக் கவனியுங்க. ஸ்மித்தும் எவன்ஸும் சான் ஹோசே, பீமன் எல் பாசோ. 1,500 மீட்டர் உலக சாதனையாளர் ஜிம் ரயன் கன்சாஸ் பல்கலைக்கழக மாணவர். சமவெளியில் வளர்ந்த அந்த ரயனை, கென்யாவின் நாந்தி மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்த கிப் கெய்னோ மெக்சிகோவில் சுமார் 3 வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். கல்லூரிகள் வழியாகவே தடகளத்தை வளர்க்கும் அமெரிக்காவுக்கு இது ஒரு நடைமுறைச் சிக்கலாக வந்து நின்றது: கடற்கரைக் கல்லூரிப் பையனின் நேரத்தையும் மலைக் கல்லூரிப் பையனின் நேரத்தையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது?

1973ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. பெரிய பட்ஜெட், முழு உதவித்தொகை உள்ளவை முதல் டிவிஷன். மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இதைக் காலின் தரவரிசை என்று நினைச்சுடாதீங்க, இது பணத்தின் தரவரிசை. நிக் சிமண்ட்ஸ் என்ற 800 மீட்டர்காரர் வில்லமெட் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் படித்தவர். 2013 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார்.

டிவிஷன் எதுவாக இருந்தாலும், தேசியப் போட்டிக்கு ஆள் எடுப்பது நேரப் பட்டியலை வைத்து. அதனால் அங்கே ஒரு திருத்த அட்டவணை உண்டு. 3,000 அடிக்கு மேல் உள்ள மைதானத்தில் நெடுந்தூரம் ஓடினால் அந்த நேரத்திலிருந்து இவ்வளவு வினாடி கழி. குறுந்தூரம் ஓடினால் இவ்வளவு கூட்டு. உள்ளரங்க ஓட்டத்தில் ட்ராக் சிறியதா பெரியதா, வளைவு சாய்வா தட்டையா என்பதற்குக்கூடத் திருத்தம். கச்சிதமான நியாயம் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு உடம்பும் உயரத்துக்கு ஒவ்வொரு மாதிரி பழகும். ஆனாலும் எந்த மண்ணில் ஓடினாய் என்று அந்த அட்டவணை கேட்கிறது. உலகத் தடகள அமைப்புகூட 1,000 மீட்டருக்கு மேல் ஓடியதற்குப் பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்து போடுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

கொலராடோவில் அலமோசா என்று ஒரு சின்ன ஊர். உயரம் சுமார் 2,300 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டிதான். அங்கே உள்ள ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியின் அந்நாளைய பயிற்சியாளர் ஜோ விஜில், உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1992ல் இரண்டாம் டிவிஷன் கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் அவருடைய பையன்கள் முதல் ஐந்து இடத்தையும் பிடித்தார்கள். மொத்தம் 15 புள்ளி, அந்தப் போட்டியில் அதற்குக் குறைவாக எடுக்கவே முடியாது. பணக்காரக் கல்லூரி கிடையாது. மலைதான் அவர்கள் சொத்து.

இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

நீலகிரியின் பல கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, ஜான் சல்லிவன் கட்டிய அந்தக் கல் பங்களா வளாகத்தில் 1955 முதல் நடக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850, கூடலூர் ஆயிரத்தைச் சற்றே தாண்டும், கோவை நகரம் 411. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் நாலு விதமான காற்று. ஆனால் நான் பார்த்த கல்லூரி ரிசல்ட் ஷீட் எதிலும் "மைதானத்தின் உயரம்" என்று ஒரு கட்டம் இருந்ததில்லை.

ஒரு எஸ்டேட் தொழிலாளியின் மகள் ஊட்டியில் 5,000 மீட்டரை 20 நிமிடத்தில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்காக 4 சதவீதம் கழித்தாலே 48 வினாடி. சமவெளியில் அது 19:12 ஆகும். பேப்பரில் மட்டும் பார்க்கிறவருக்கு அவள் கோவையில் 19:40 ஓடிய பெண்ணுக்குப் பின்னால்தான் நிற்பாள். 100 மீட்டரில் இது தலைகீழ், அங்கே கோவைப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். இன்னொன்றும் சொல்லணும். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்குக் கோவை வெயில் பழக்கமில்லை, அதனால் அந்த 48 வினாடி முழுசாகக் கைக்கு வராமலும் போகலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. வட இந்தியாவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் தேசிய அணி ஓட்டக்காரர்கள் ஊட்டிக்கு வந்து முகாம் போடுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றுக்குப் போன லலிதா பாபர் அப்படி ஊட்டியில் பயிற்சி எடுத்தவர். 1984ல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் தனிநபர் ஓட்டப்பந்தய இறுதிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர். மேலே தங்கி, கீழே இறங்கிப் பயிற்சி எடுப்பதுதான் பலன் தரும் என்று 1997ல் லெவினும் ஸ்ட்ரே கண்டர்சனும் கல்லூரி ஓட்டக்காரர்களை வைத்தே காட்டினார்கள். அவர்கள் ஆய்வில் தங்கியது 2,500 மீட்டரில், பயிற்சி 1,250 மீட்டரில். நம்ம மலை ரயில் 46 கிலோமீட்டரில் அதைவிடப் பெரிய உயர வித்தியாசத்தைக் கடக்கிறது. அந்த ரயில் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது தினசரி பூகோளம்.

இனி என் துறை. ஓட்ட நேரத்தில் மலைப் பிள்ளையைக் குறைத்து மதிப்பிடும் அதே உயரம், ரத்தத்தில் எதிர்ப்பக்கம் ஏமாற்றும்.

ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்தால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்யச் சொல்கிறது. 2024ல் வந்த வழிகாட்டுதல்படி 2,000 முதல் 2,499 மீட்டர் வரை வசிப்பவர்களின் ஹீமோகுளோபினிலிருந்து 1.4 கிராம் கழித்துப் பார்க்க வேண்டும். ஊட்டியில் வாழும் ஒரு மாணவிக்கு 12.6 என்று ரிப்போர்ட் வருது. அச்சடித்த நார்மல் ரேஞ்ச் 12க்கு மேல் என்பதால், "நல்லா இருக்கும்மா, போ" என்று அனுப்பிடுவோம். கழித்தால் 11.2. அவளுக்கு ரத்தசோகை. அந்த ஊரில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 13.4 இருந்தால்தான் சமவெளியின் 12க்குச் சமம்.

ஆக, ஓட்ட ரிசல்ட்டில் அவள் உண்மையைவிட மோசமாகத் தெரிகிறாள், லேப் ரிப்போர்ட்டில் உண்மையைவிட நன்றாகத் தெரிகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் "இந்தப் பொண்ணுக்கு அவ்வளவுதான் ஸ்டாமினா" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரும்புச் சத்து கொடுத்திருந்தால் எங்கே போயிருப்பாளோ.

நீலகிரியில் இன்னொன்றும் பார்க்கணும். இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகப் பதிவானது 1952ல், இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். நோயே இல்லாமல் அந்தப் பண்பை மட்டும் சுமப்பவர்களுக்கும் கடுமையான ஓட்டம், உயரம், நீரிழப்பு மூன்றும் சேர்ந்தால் ஆபத்து வரலாம். அமெரிக்காவில் 2006ல் ஒரு கல்லூரி வீரர் இப்படி இறந்த பிறகு, 2010ல் முதல் டிவிஷனும் பின்னர் மற்ற இரண்டும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தன. பண்பு இருப்பதால் யாரையும் ஓட்டத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. தண்ணீர், ஓய்வு, படிப்படியான பயிற்சி, அசதி என்றால் உடனே நிறுத்தும் உரிமை, இவை போதும்.

நீலகிரிக் கல்லூரிகளின் பி.டி. சார், மேடம் யாராவது இதைப் படித்தால்: அடுத்த மீட் ரிசல்ட் ஷீட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் மைதானத்தின் பெயரையும் உயரத்தையும் பேனாவால் எழுதி அனுப்புங்க. நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகளுக்கு சீசன் ஆரம்பத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரியில் சிக்கிள் செல் பரிசோதனையும் கேளுங்க. ஊட்டி மாணவியின் ரிப்போர்ட்டில் 13.4க்குக் கீழே இருந்தால், "நார்மல்" என்று அச்சடித்திருந்தாலும், டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்க. இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.