உறை ஊற்றுதல்

உறை ஊற்றுதல் என்பது, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவைத்த பாலில் முந்தைய தயிரில் சிறிதளவை உறைமோராகக் கலந்து புதுத் தயிர் ஆக்கும் முறையாகும். உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையாகிய லாக்டோசை லாக்டிக் அமிலமாக மாற்ற, அமிலத்தன்மை கூடி, கேசீன் என்னும் பால்புரதம் வலையாகப் பிணைந்து நீரையும் கொழுப்பையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சுதல் கிருமிகளை அழிப்பதற்கு மட்டுமன்று. வெப்பத்தால் இயல்பு திரிந்த பிற பால்புரதங்கள் கேசீனோடு ஒட்டுவதால் தயிர் மேலும் கெட்டிப்படுகிறது என்பதால், காய்ச்சுவதில் அவசரம் கூடாது.

குறைகள் பெரும்பாலும் வெப்பநிலையைச் சார்ந்தவை. ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட பாலில் உறைமோரின் நுண்ணுயிர்கள் நலிந்து மடியக்கூடும். மார்கழிக் குளிரில் அவை மந்தமடைவதால் தயிர் உறையத் தாமதமாகும் என்பதால், பாத்திரத்தைத் துணியால் சுற்றியோ வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்தோ வெப்பத்தைக் காக்க வேண்டும். உறையும்போது பாத்திரத்தை அசைத்தாலும், உறைந்தபின் வெளியிலேயே நெடுநேரம் விட்டாலும், புரதவலை சிதைந்தோ சுருங்கியோ நீர் பிரியும். பின்னதில் புளிப்பும் மிகும். தயிர் நூல் போல் இழுபடுவது, பசைத்தன்மையுள்ள சர்க்கரைச் சேர்மங்களைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகியதைக் காட்டுவதால், அப்போது உறைமோரையே மாற்றுதல் வேண்டும்.