பற்றும் கலையும் பட்டறை வரலாறும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கி வருபவர், கல்பிட்டி வீதி பிரியும் பாலாவியை அடைந்ததும் சீமெந்துத் தொழிற்சாலையின் நெடிய கட்டடங்களைக் காண்பர். வடக்கே அருவக்காலுவில் அகழப்படும் சுண்ணக்கல் இருப்புப்பாதை வழியே இவ்வாலைக்கு வந்து சேர்கின்றது. இவ்வூரில் வளர்ந்த எமக்கு, இயந்திரம் என்பது கப்பலில் வந்திறங்கும் பொருள் என்ற எண்ணமே சிறுவயது முதல் இருந்தது. இயந்திரத்தை வாங்கிவிட்டால் தொழிலும் உடன் வந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண, பட்டறையின் ஒரு மூலையிலுள்ள மில்லிங் இயந்திரத்தின் மேசையை நோக்குதல் நன்று.

கடைசற் பொறியிற் பொருள் சுழலும். வெட்டும் அலகு சுழலாது. மில்லிங் இயந்திரத்திலோ அலகு சுழலும். பொருள் மேசையோடு பிணைக்கப்பட்டு மெல்ல நகரும். மேசையின் முகத்தில் தலைகீழான 'ரீ' எழுத்து வடிவிற் காடிகள் உள. அவற்றிற் செருகிய போல்ற்றுகளால் வைஸையோ, குறித்த ஒரு பொருளுக்கெனவே ஆக்கிய பிடிகருவியையோ இறுக்குவர். பட்டறைக்காரர் இப்பிடிகருவியைப் 'பிக்ஸர்' என வழங்குவர். அடியில் மூன்று புள்ளிகள், பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு தாங்குபுள்ளிகளாற் பொருளின் இருக்கை வரையறுக்கப்படும். வெட்டுவிசை அசையாத் தடுப்பை நோக்கிச் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். இறுக்கியை நோக்கிச் செல்லின் பொருள் நழுவும். மெல்லிய தகட்டை மிகையாக இறுக்கினால் அது வளையும். வளைந்த நிலையிலே சமனாக வெட்டப்பட்டு, அவிழ்த்ததும் மீண்டும் கோணும். ஆகவே, வெட்டுதற்கு முன்னரே வேலையின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது எனலாம்.

இவ்வுண்மையை வரலாற்றாசிரியர் நெடுங்காலம் போதிய அளவு கவனிக்கவில்லை. ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களை உருவாக்கிய பெருமை ஐக்கிய அமெரிக்காவின் எலி விற்னி என்பவருக்கே உரியது எனப் பாடநூல்கள் கூறி வந்தன. 1798இல் அவர் பத்தாயிரம் துப்பாக்கிகளை ஏறத்தாழ இரண்டாண்டுகளிற் செய்து தருவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தார். 1801இல் தலைநகரிற் பாகங்களை மாற்றிப் பூட்டிக் காட்டி வியப்பை விளைவித்தார். ஆயின் ஒப்பந்தம் நிறைவேறியது 1809இலேதான். எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவனவல்ல என்பதை எடுத்துக்காட்டி, றொபேட் வூட்பரி 1960இல் அக்கதையைத் தகர்த்தார்.

மெய்யான சாதனையை ஹாப்பர்ஸ் பெரி என்னும் ஆற்றங்கரைப் படைக்கலச் சாலையிற் காண்கிறோம். 1819இல் அரசுடன் ஒப்பந்தம் செய்து அங்கு வந்த ஜோன் ஹோல், நீராற்றலால் இயங்கும் வெட்டுபொறிகளையும், ஒவ்வொரு வேலைக்கும் உரிய பிடிகருவிகளையும் அமைத்தார். அவருடைய நுண்ணறிவு ஒரு சிறு விதியில் அடங்கும்: ஒரு பாகத்தின் எல்லா வெட்டுகளுக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்தே அளத்தல் வேண்டும். எமது பகுதித் தென்னந்தோட்டத்தில் குழி குறிப்பவர் இதனை எளிதில் உணர்வர். ஒவ்வொரு குழியையும் முந்திய குழியிலிருந்து அளந்தால், சிறு பிழைகள் கூடிக்கூடி வரிசையின் முடிவிற் பெரும் பிழையாகும். எல்லாவற்றையும் முதற் குழியிலிருந்தே அளந்தால் ஒன்றின் பிழை மற்றதைச் சாராது. ஹோலின் துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மீண்டும் பூட்டிப் பார்த்த அரசக் குழு 1827இல் அம்முறையைப் பாராட்டியது. பின்னர் 1834இல், வேறொரு மாநிலத்திற் சிமியன் நோத் என்பவர் செய்த பாகங்களும் ஹோலின் பாகங்களோடு பொருந்தின. போர்க்கருவியிற் பிறந்த இம்முறை காலப்போக்கிற் தையல் இயந்திரத்துக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் பரவியது.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? மில்லிங் இயந்திரத்தை விலைகொடுத்து வாங்கலாம். ஆனால், பிடிகருவியை அவ்வேலை நிகழும் இடத்திலேயே, அப்பொருளை அறிந்தவர் சிந்தித்து ஆக்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், உதிரிப்பாகம் அரிதாகியமையை எம் நாட்டுப் பட்டறைகள் நன்கறியும். அத்தகைய வேளையில், தேய்ந்த பாகத்துக்கு ஈடான ஒன்றைத் தானே செய்துகொள்ளும் பட்டறையே நிலைக்கும். அவ்வாற்றல் மேசைமீது பொருளை எவ்வாறு இருத்துவது என அறிந்த தொழிலாளியிடமே தங்கியுள்ளது. அவன் ஓய்வு பெறும்போது அவ்வறிவும் எழுத்திற் பதியாமலே அவனோடு போய்விடுகின்றது.

விற்னியின் பெயரைப் போற்றிய நூல்கள் ஹோலை மறந்தன. ஹோலின் பெயரை மீட்ட நூல்களிலும் அவர் சொற்படி பிடிகருவியை அராவி முடித்த தொழிலாளர் பெரும்பாலும் பெயரற்றவராகவே உள்ளனர். எம் ஊர்ப் பட்டறைகளுக்கும் அக்கதி நேராதிருக்க வேண்டுமாயின், முதிய தொழிலாளரிடம் சென்று கேட்டு எழுதிவைத்தல் வரலாறு பயிலும் எம் போன்ற மாணவரின் கடனாகும்.