மும்முடிச் சோழமண்டலம்

மும்முடிச் சோழமண்டலம் என்பது, சோழப் பேரரசு இலங்கைத் தீவில் வென்றடக்கிய பகுதிகளுக்கு இட்ட நிருவாகப் பெயர் ஆகும். இதன் தலைநகர் பொலன்னறுவை. கி.பி. 993 முதல் 1070 வரை ஏறத்தாழ 77 ஆண்டுகள் இம்மண்டலம் நிலவியது. கடல் கடந்து சோழர்கள் மேற்கொண்ட பிற படையெடுப்புகள் பெரும்பாலும் வென்று திரும்புவதோடு முடிந்தன. முதலாம் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின் மீது நிகழ்த்திய படையெடுப்பு அத்தகையதே. ஈழத்தில் மட்டுமே அவர்கள் அதிகாரிகளை அமர்த்தி, நாடு பிரித்து, வரி தண்டி, கோயில் எழுப்பி ஆண்டார்கள்.

படையெடுப்பின் பின்னணி

பத்தாம் நூற்றாண்டில் பாண்டியர்களுக்கும் சிங்கள மன்னர்களுக்கும் இடையே நெருங்கிய உறவு இருந்தது. முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் மணிமுடியையும் இந்திர ஆரத்தையும் ஈழத்து மன்னனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். அவற்றை மீட்கச் சோழர் செய்த முதல் முயற்சிகள் கைகூடவில்லை. பாண்டிய நாட்டை முழுமையாக அடக்க வேண்டுமாயின், அதன் பின்னால் நின்ற ஈழத்தையும் அடக்க வேண்டும் என்ற எண்ணம் சோழ அரசியலில் வேரூன்றியது.

அனுராதபுரத்தில் 982-இல் அரியணை ஏறிய ஐந்தாம் மகிந்தன் வலுவற்ற மன்னனாக இருந்தான். கூலிப்படைக்கு ஊதியம் கொடுக்க முடியாமல் போகவே, வீரர்கள் கலகம் செய்தனர். மகிந்தன் தென்கிழக்கே உள்ள உரோகண நாட்டுக்குத் தப்பிச் சென்றான். குதிரை வணிகன் ஒருவன் வழியாக இந்நிலைமை சோழ மன்னனுக்குத் தெரியவந்தது என்று சூளவம்சம் கூறுகிறது. முதலாம் இராசராசன் 993-இல் கப்பற்படையை அனுப்பினான். பாலம் கட்டிக் கடந்த இராமனோடு, கப்பலில் கடந்த இராசராசனை ஒப்பிட்டுத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது.

அனுராதபுரம் அழிவுக்குள்ளானது. விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும், புனித நினைவுப் பொருள்கள் வைக்கப்பட்ட அறைகள் உடைக்கப்பட்டதையும் சூளவம்சம் மிகுந்த வேதனையோடு பதிவு செய்துள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த அந்நகரம் அந்தப் பெருமையை மீண்டும் பெறவில்லை.

புதிய தலைநகர்

சோழர்கள் பொலன்னறுவையைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். சனநாதன் என்பது இராசராசனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. இத்தேர்வுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. எதிர்ப்பு முழுவதும் உரோகணத்திலிருந்தே வந்தது. அங்கிருந்து வடக்கே வருவோர் மகாவலி ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கடவைகளைக் கண்காணிக்கப் பொலன்னறுவை ஏற்ற இடம். திருகோணமலைத் துறைமுகமும் அனுராதபுரத்தை விட அதற்கு அருகில் இருந்தது.

முதலாம் இராசேந்திரன் 1017-இல் உரோகணத்தின் மீதும் படையெடுத்து, மகிந்தனைச் சிறைப்பிடித்தான். பாண்டியன் விட்டுச்சென்ற முடியும் ஆரமும் இப்போதுதான் சோழர் கைக்கு வந்தன. சோழ நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட மகிந்தன் 1029-இல் அங்கேயே இறந்தான்.

நிருவாகமும் வருவாயும்

சோழ நாட்டில் இருந்த மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்ற அடுக்குமுறையே ஈழத்திலும் புகுத்தப்பட்டது. இராசேந்திரசிங்க வளநாடு போன்ற பெயர்கள் திருகோணமலைப் பகுதிக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. பெரிய குளத்தின் கரையில் அமைந்த கந்தளாய், இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊராக இருந்தது. சோழ இலங்கேசுவரர் என்ற பட்டத்துடன் அரச குலத்தவர் ஒருவர் இம்மண்டலத்தை ஆண்டதை மானாங்கேணிக் கல்வெட்டால் அறிகிறோம்.

மேற்குக் கரையில் மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. அங்கே தாழிகுமரன் என்னும் அதிகாரி இராசராச ஈசுவரம் என்ற சிவன் கோயிலைக் கட்டி, அதற்கு நிலமும் வருவாயும் ஏற்படுத்தினான்.

இம்மண்டலத்தின் செல்வம் தஞ்சைக்கும் சென்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, ஈழத்துச் சில ஊர்கள் அக்கோயிலுக்கு நெல், காசு, இலுப்பைப்பால் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. பேரரசின் மையத்தில் எரிந்த விளக்குகளுக்குக் கடலுக்கு அப்பால் இருந்த உழவர்களும் பங்களித்தார்கள் என்பதை இக்கல்வெட்டு காட்டுகிறது.

சமயநிலை

பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் இரண்டாம் சிவ தேவாலயம், வானவன்மாதேவி ஈசுவரம் என்ற பெயருடன் கட்டப்பட்ட சோழர் காலக் கற்கோயில். வானவன்மாதேவி இராசேந்திரனின் தாய். பதவியாவில் இரவிகுலமாணிக்க ஈசுவரம் இருந்தது.

விகாரைகளைக் கொள்ளையிட்ட அதே ஆட்சியின் கீழ் ஒரு பௌத்தப் பள்ளி போற்றப்பட்டதும் உண்டு. திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அதற்கு விளக்கும் பசுக்களும் பொன்னும் கொடையளித்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்துள்ளன. ஆகவே சோழர் ஆட்சியைப் பௌத்தத்தை வேரறுக்க வந்த ஆட்சி என்றோ, எல்லாச் சமயங்களையும் சமமாகப் போற்றிய ஆட்சி என்றோ ஒரே சொல்லில் கூறிவிட முடியாது. படையெடுப்பின்போது செல்வம் குவிந்திருந்த இடங்கள் கொள்ளையிடப்பட்டன. ஆட்சி நிலைபெற்ற பின், மக்களின் வழிபாட்டிடங்களுக்கு அரச பெயரும் ஆதரவும் கிடைத்தன.

வீழ்ச்சி

உரோகணம் ஒருபோதும் முழுமையாக அடங்கவில்லை. மகிந்தனின் மகன் காசியப்பன், விக்கிரமபாகு என்ற பெயருடன் 1041 வரை அங்கிருந்து எதிர்த்தான். பின்னர் வந்த மன்னர்கள் அடுத்தடுத்து வீழ்ந்தாலும், மலையும் காடும் நிறைந்த அந்நாட்டில் எதிர்ப்பு அணையவில்லை. கீர்த்தி என்னும் இளவரசன் 1055-இல் உரோகணத்தின் தலைமையை ஏற்றான். பிற்கால விசயபாகு மன்னன் இவனே. பொலன்னறுவையைப் பிடிக்க அவன் முதலில் செய்த முயற்சி தோல்வியடைந்தது.

சோழ நாட்டின் உள்நிலை அவனுக்குக் கைகொடுத்தது. மேலைச் சாளுக்கியருடன் நடந்த நீண்ட போர்கள் சோழரின் படையையும் பொருளையும் ஈர்த்துக்கொண்டிருந்தன. 1070-இல் வீரராசேந்திரனும், அவனுக்குப் பின் வந்த அதிராசேந்திரனும் இறந்தனர். முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறினான். இக்குழப்பத்துக்கு இடையே விசயபாகு பொலன்னறுவையைக் கைப்பற்றினான். குலோத்துங்கன் ஈழத்தை மீட்கப் பெரும் முயற்சி எடுக்கவில்லை.

ஒப்பீடு

இந்நிகழ்வை உலக வரலாற்றில் வேறொன்றுடன் ஒப்பிட்டால் அதன் இயல்பு விளங்கும். கி.பி. 552-இல் கிழக்கு உரோமைப் பேரரசன் யுசுத்தினியன், விசிகோத்தியரின் உள்நாட்டுப் போரைப் பயன்படுத்தித் தெற்கு இசுப்பெயினில் படையை இறக்கினான். அங்கே அமைந்த இசுப்பானியா மாகாணம் ஏறத்தாழ 624 வரை, அதாவது 70 ஆண்டுகளுக்குச் சற்று மேல் நிலைத்தது. பாரசீகரிடமிருந்து தலைநகரைக் காக்கவே கான்சுடாண்டிநோபிள் போராடிக்கொண்டிருந்த காலத்தில் அம்மாகாணம் கைவிட்டுப் போயிற்று. உள்நாட்டுக் குழப்பத்தால் திறந்த வாயில், கடற்கரையை ஒட்டிய ஆட்சி, அடங்காத உள்நாடு, மையத்தின் நெருக்கடியால் வந்த முடிவு ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொதுவானவை.

நிலவழி மாகாணங்களின் நிலை வேறு. பழனி மலைத்தொடருக்கு வடக்கே கொங்கும், தெற்கே பாண்டிய நாடும் சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. மதுரையில் சோழ பாண்டியர் என்ற பட்டத்துடன் இளவரசர்கள் ஆண்டனர். அங்கே கலகம் எழுந்தால் படை நடந்தே செல்லலாம். ஈழத்துக்கோ கப்பலும் பருவக்காற்றும் வேண்டும்.

பின்விளைவுகள்

ஆட்சி முடிந்தாலும் அதன் சுவடுகள் மறையவில்லை. விசயபாகு பொலன்னறுவையையே தன் தலைநகராக வைத்துக்கொண்டான். கந்தளாய் இப்போது அவன் பெயரால் விசயராசச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. அங்கே பிராமணக் கைம்பெண் ஒருவர், இறந்த கணவரின் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடையளித்ததைப் பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பு தமிழ் வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதே வேளைக்காரர்கள் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப்பல் கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டில் உறுதி அளித்தனர். பிற்காலச் சிங்கள மன்னர்களின் காசுகளும் இராசராசனின் காசு வடிவத்தையே பின்பற்றின.

மும்முடிச் சோழமண்டலத்தைத் தமிழ்நாட்டில் வெற்றிப் பெருமிதமாகவும், இலங்கையில் அந்நியப் படையெடுப்பாகவும் நினைவுகூர்வது வழக்கம். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. சோழ மெய்க்கீர்த்தியையும் சூளவம்சத்தையும் அருகருகே வைத்துப் படித்து, அவ்விரண்டும் சொல்லாமல் விட்ட எளிய மக்களைக் கந்தளாய், வெல்கம் கல்வெட்டுகளில் தேடும்போதே இம்மண்டலத்தின் வரலாறு முழுமை பெறுகிறது.